தோழியின் இடம்: இருத்தலியல் நோக்கில் அன்றாட வாழ்வும் குடும்ப ஆற்றுப்படுத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

இருத்தலியல் தனிமனிதனை மட்டுமே மையமாகக் கொண்ட மெய்யியல் என்றும், குடும்பத்தை அடிப்படை அலகாகக் கொண்ட தமிழ் வாழ்வுக்கு அது அயலானது என்றும் கருதும் போக்கு உண்டு. மனிதர் தம் வாழ்வின் முதன்மையான தெரிவுகளைக் குடும்பத்தின் நடுவில் நின்றே மேற்கொள்கின்றனர். அத்தெரிவுகளுக்கு வழி திறப்பதிலும் அவ்வழியை அடைப்பதிலும் குடும்பத்தின் சொல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. இக்கருத்தை அன்றாட வாழ்வின் எடுத்துக்காட்டுகள், குடும்ப மருத்துவத்தின் வரலாறு, அகமரபின் 'அறத்தொடு நிற்றல்' துறை, ஜெயகாந்தனின் கங்கா என்னும் பாத்திரம் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. குடும்பத்தை ஆற்றுப்படுத்துபவர் நிற்க வேண்டிய இடம் அகமரபின் தோழி நிற்கும் இடமே என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: இருத்தலியல், தெரிவு, பொறுப்பு, குடும்ப ஆற்றுப்படுத்தல், அறத்தொடு நிற்றல், வெறிவிலக்கு, தோழி, ஜெயகாந்தன்.

முன்னுரை

தமிழில் இருத்தலியல் பெரிதும் இலக்கியத் திறனாய்வின் வழியாகவே அறிமுகமாயிற்று. எஸ்.வி. ராஜதுரை எழுதிய அறிமுக நூல் அதற்கு அடித்தளமிட்டது. மௌனி, நகுலன் ஆகியோரின் புனைவுகளும், சாவைப் பற்றிய சிந்தனையையே கதைப்பொருளாக்கிய சம்பத்தின் 'இடைவெளி'யும் இந்நோக்கில் வாசிக்கப்பட்டன. இவ்வாசிப்புகளில் தனிமை, அந்நியமாதல், பொருளின்மை ஆகிய மூன்றுமே முன்னிலை பெற்றன. அதன் விளைவாக, இருத்தலியல் என்றவுடன் குடும்பத்தைவிட்டு விலகி அறையில் தனித்திருக்கும் ஒருவனின் உருவமே வாசகர் மனத்தில் எழுகிறது.

இவ்வுருவம் முழுமையானதன்று. இருத்தலியல் எழுப்பும் வினாக்கள் திருமணம், தொழில், முதியோரைப் பேணுதல், நோய், இறப்பு ஆகிய நிகழ்வுகளில்தான் மிகக் கூர்மையாக எழுகின்றன. இவை அனைத்தும் குடும்ப நிகழ்வுகள். எனவே இருத்தலியலைக் குடும்பத்தோடு இணைத்துக் காண்பது இன்றியமையாததாகிறது.

கலைச்சொல் குறித்து ஒரு விளக்கம் தேவை. 'ஆற்றுப்படுத்தல்' என்னும் சொல் ஆற்றுப்படை இலக்கிய வகையை நினைவூட்டுவது. பரிசில் பெற்று மீளும் ஒருவர், வறுமையில் வாடும் மற்றொருவருக்கு வழி கூறுவதே ஆற்றுப்படை. வழி கூறுபவர் வழி கேட்பவரைச் சுமந்து செல்வதில்லை. நடக்க வேண்டியவர் கேட்பவரே. ஈழத்தில் இதே பணி 'உளவளத்துணை' என வழங்குகிறது. 'துணை' என்பது மேலிருந்து ஆணையிடுபவரைக் குறிக்காமல் உடன் வருபவரைக் குறிக்கும் சொல். இவ்விரு சொற்களின் பொருளாழம் கட்டுரையின் பிற்பகுதியில் தெளிவாகும்.

1. இருத்தலியலின் அடிப்படைக் கருத்துகள்

டென்மார்க் நாட்டுச் சிந்தனையாளர் கீர்க்ககார்டு (1813–1855) இருத்தலியலின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். அனைத்தையும் விளக்கும் தத்துவ அமைப்பொன்றைக் கட்டி எழுப்பினாலும், அதனைக் கட்டியவன் தன் வாழ்வை எவ்வாறு வாழ்வது என்னும் வினா எஞ்சியே நிற்கும் என்பது அவர் சிந்தனையின் தொடக்கப் புள்ளி. ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட 'இருத்தலும் காலமும்' என்னும் நூல், மனிதன் தான் தேர்ந்துகொள்ளாத ஓர் உலகில் எறியப்பட்டவனாகத் தன்னைக் காண்கிறான் என்று விளக்கியது. பிறந்த வீடு, பேசும் மொழி, உடல், காலம் ஆகிய எவற்றையும் எவரும் கேட்டுப் பெறவில்லை. எனினும் எறியப்பட்ட அவ்விடத்திலிருந்து எத்திசையில் செல்வது என்பது திறந்தே இருக்கிறது.

சார்த்தர் 1945இல் பாரிசில் ஆற்றிய உரையில் இக்கருத்தை எளிமைப்படுத்தினார். செய்பொருளுக்கு அதன் பயன் முன்னரே வகுக்கப்படுகிறது; மனிதனுக்கு அவ்வாறு வகுக்கப்பட்ட சாரம் எதுவும் இல்லை. அவன் முதலில் இருக்கிறான். பின்னர்த் தன் செயல்களால் தன்னை உருவாக்கிக்கொள்கிறான். ஆகவே தெரிவும் பொறுப்பும் பிரிக்க இயலாதவை. இப்பொறுப்பின் சுமையைத் தாங்க இயலாமல், தனக்குத் தெரிவே இல்லை என்று தன்னிடமே கூறிக்கொள்ளும் நிலையைச் சார்த்தர் தன்னை ஏய்த்தல் என்னும் பொருளில் விளக்குகிறார். பிறரிடம் கூறும் பொய்யில் ஏய்ப்பவரும் ஏமாறுபவரும் வேறுவேறானவர். தன்னை ஏய்த்தலில் இருவரும் ஒருவரே.

இச்சிந்தனை மரபில் உறவை முதன்மைப்படுத்திய கிளையும் உண்டு. மார்ட்டின் பூபர் 1923இல் வெளியிட்ட 'நானும் நீயும்' என்னும் நூலில் மனிதன் உலகோடு கொள்ளும் உறவை இரண்டாகப் பகுத்தார். ஒன்று நான்–அது என்னும் உறவு. மற்றொன்று நான்–நீ என்னும் உறவு. முதலாவதில் எதிரில் இருப்பவர் பயன்படுத்தத்தக்க, வகைப்படுத்தத்தக்க ஒரு பொருளாகிறார். இரண்டாவதில் முழுமையாக எதிர்கொள்ளப்படும் மனிதராகிறார். ஒரே தாய் ஒரே மகளை ஒரே நாளில் இவ்விரு வகையிலும் அணுகக்கூடும். குடும்ப ஆற்றுப்படுத்தலுக்கு இருத்தலியல் தரும் மிகப் பயனுள்ள கருவி இப்பகுப்பே எனலாம்.

2. அன்றாட வாழ்வில் இருத்தலியல்

திருத்தணியைச் சூழ்ந்த பகுதி இக்கருத்துகளை விளக்குவதற்கு ஏற்ற களம். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் எல்லை மாற்றத்தின்வழி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த பகுதி இது. கே.ஜி.கண்டிகை போன்ற எல்லையோரச் சிற்றூர்களில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளரும் பிள்ளைகளைக் காணலாம். மாநில எல்லையையோ வீட்டு மொழியையோ அவர்கள் தேர்ந்துகொள்ளவில்லை. ஹைடெக்கர் கூறும் எறியப்பட்ட நிலைக்கு இதனினும் எளிய சான்று தேவையில்லை.

இவ்வட்டாரத்தின் அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை முதலிய ஊர்களில் விசைத்தறி நெசவு குடும்பத் தொழிலாக நிலைபெற்றுள்ளது. தறி ஓடும் வீட்டில் பிறந்த ஓர் இளைஞரைக் கருதிப் பார்க்கலாம். அவர் பட்டம் பெற்றிருக்கிறார். திருப்பெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைக்குச் செல்ல விரும்புகிறார். தந்தைக்கு முதுகுவலி, தறி வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. இளைஞர் தறியில் அமர்கிறார். காரணம் கேட்டால், அப்பா சொல்லிவிட்டார், வேறு வழியில்லை என்கிறார். தந்தையைக் கேட்டால், தலைமுறையாக வந்த தொழிலை விட முடியுமா என்கிறார். இருவரும் தத்தம் தெரிவை வேறொருவர் மீதோ வேறொன்றின் மீதோ ஏற்றிவிடுகின்றனர்.

இவ்விடத்தில் ஒரு தவறான புரிதலைத் தவிர்க்க வேண்டும். கடன் உண்மை, முதுகுவலி உண்மை, நூல் விலை உயர்வும் உண்மை. இருத்தலியல் இவற்றை மறுப்பதில்லை. தறியை விட்டுச் செல்வதே விடுதலை என்றும் அது கூறுவதில்லை. தந்தையின் உடல்நிலையையும் கடனையும் கருதி நான் தறியில் அமர்கிறேன் என்று அவ்விளைஞர் கூறுவாராயின், செயல் மாறாதபோதும் அதன் பொருள் மாறிவிடுகிறது. அது அவர் தெரிவாகிறது. தெரிவு என்று ஏற்றுக்கொள்ளப்பட்டதை மறுபடியும் எண்ணிப் பார்க்க இயலும். விதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டதை எண்ணிப் பார்க்க இயலாது.

தமிழ்க் குடும்பப் பேச்சில் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்னும் தொடர் இடையறாது வழங்குகிறது. அந்த நால்வர் யாவர் என்று எவரும் வினவுவதில்லை. வினவினாலும் பெயர் கூற இயலாது. பெயரற்ற பொதுமையிடம் தன் தீர்ப்பை ஒப்படைத்துவிட்டு வாழும் இந்நிலையை ஹைடெக்கர் விரிவாக ஆராய்ந்துள்ளார். அவர் ஒரு தனிக் கலைச்சொல்லால் சுட்டிய அக்கருத்தைத் தமிழ் வழக்கு 'நாலு பேர்' என்று எளிதாகச் சுட்டிவிடுகிறது.

இதனினும் கூர்மையானவை குடும்பம் ஒருவர் மீது பொறிக்கும் தொடர்கள். 'அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்', 'இவள் ராசி அப்படி', 'பெரியவன் பொறுப்பானவன், சின்னவன் ஊதாரி' என்பன அத்தகையவை. இவை நடந்ததைக் கூறுவன போலத் தோன்றி, நடக்கப் போவதை வரையறுத்துவிடுகின்றன. பூபரின் சொல்லில் கூறுவதாயின், 'நீ' ஆக இருந்தவர் 'அது' ஆகிவிடுகிறார். இத்தொடர்களை இக்கட்டுரை 'முத்திரைச்சொல்' எனக் குறிக்கிறது.

3. நோயாளியிலிருந்து குடும்பத்திற்கு

இருத்தலியல் மருத்துவத்துக்குள் நுழைந்தது சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் லுட்விக் பின்ஸ்வாங்கர் (1881–1966) வழியாக ஆகும். நோயாளியின் குறிகளைப் பட்டியலிடுவதற்கு முன், அவர் வாழும் உலகம் அவருக்கு எவ்வாறு தோன்றுகிறது என்று அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. 1942இல் வெளியான தம் பெருநூலில், ஹைடெக்கரின் சிந்தனையில் அன்புக்கு உரிய இடம் இல்லை என்று அவர் குறை கண்டார். 'நான்' என்பதற்கு நிகராக 'நாம்' என்பதும் மனித இருத்தலின் அடிப்படை வடிவம் என்றார். மற்றொரு சுவிஸ் மருத்துவரான மெடார்டு பாஸ் 1956, 1958 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்து, இந்தியச் சிந்தனையோடு தம் மருத்துவ நோக்கை ஒப்பிட்டு நூல் எழுதினார். வதைமுகாம்களிலிருந்து மீண்ட விக்டர் ஃபிராங்கல் (1905–1997), துன்பத்தைத் தவிர்க்க இயலாத நிலையிலும் அதனை எதிர்கொள்ளும் மனப்பாங்கைத் தெரிவு செய்யும் உரிமை மனிதனுக்கு எஞ்சுகிறது என்று வலியுறுத்தினார். இர்வின் யாலோம் 1980இல் இறப்பு, சுதந்திரம், தனிமை, பொருளின்மை ஆகிய நான்கையும் மனிதர் அனைவரும் எதிர்கொள்ளும் இறுதிக் கவலைகள் எனத் தொகுத்தார்.

இவர்களின் மருத்துவ அறையில் பெரும்பாலும் ஒருவரே அமர்ந்திருந்தார். குடும்பத்தை நோக்கி இருத்தலியலைத் திருப்பியவர்களுள் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆர்.டி. லெயிங் முதன்மையானவர். சார்த்தரின் மெய்யியலைப் பற்றி டேவிட் கூப்பருடன் இணைந்து நூல் எழுதியவர் அவர். அந்நூல் வெளியான 1964ஆம் ஆண்டிலேயே, ஆரன் எஸ்டர்சனுடன் இணைந்து, மனச்சிதைவு நோயாளிகள் என அறியப்பட்ட பெண்களின் குடும்பங்கள் பதினொன்றைப் பற்றிய ஆய்வையும் வெளியிட்டார். பொருளற்ற பிதற்றல் எனப்பட்ட பேச்சும் நடத்தையும், அக்குடும்பத்தின் உரையாடலுக்குள் வைத்துக் கேட்டால் பொருள் தருகின்றன என்பது அவ்வாய்வின் சாரம். மகள் தான் கண்டதைக் கூறும்போதெல்லாம், நீ அப்படிக் காணவில்லை என்று பிறர் மறுத்துக்கொண்டிருந்தால், அவள் தன் கண்ணை நம்புவதா, தன்னவரை நம்புவதா என்னும் சிக்கல் எழுகிறது.

இந்நோக்கு குடும்பத்தின் மீது பழி சுமத்துவதாகவும் வாசிக்கப்பட்டது. குடும்பமே நோய்க்குக் காரணம் எனத் தாம் கூறவில்லை என்று நூலாசிரியர்கள் பின்னர் விளக்க நேர்ந்தது. 1948இல் ஃபிரீடா ஃபிராம்-ரைக்மன் முன்வைத்த, மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்னும் கருத்தாக்கமும் பல தாய்மாரைக் குற்றவாளிகளாக்கிவிட்டுச் சான்றின்றிக் கைவிடப்பட்டது.

இந்தியாவில் குடும்பம் மருத்துவத்துக்குள் வந்த வழி வேறு. 1950களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்தார். அதே பத்தாண்டில் உருப்பெற்ற வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில், நோயாளியோடு உறவினர் ஒருவர் உடன் தங்குவது சிகிச்சையின் பகுதியாக்கப்பட்டது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணியாற்றிய சாரதா மேனன், 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆய்வுக்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மறுவாழ்வில் குடும்பத்தைப் பங்காளியாகக் கொள்ளும் நோக்கு அங்குத் தொடர்ந்தது.

இவ்விரு வழிகளையும் ஒப்பிட்டால் ஒரு முரண் புலப்படும். லெயிங்கின் குடும்பம் விசாரணைக்கு உள்ளாகும் குடும்பம். வேலூரின் குடும்பம் துணைநிற்கும் குடும்பம். முதலாவதில் தனிமனிதரின் குரல் கேட்கிறது, குடும்பத்தின் பரிவு மறைகிறது. இரண்டாவதில் பரிவு தெரிகிறது, ஆனால் உடன் தங்கும் உறவினரின் குரல் நோயாளியின் குரலை மூடிவிடும் வாய்ப்பும் உண்டு. இரண்டையும் ஒருசேரக் கேட்பதற்கான இடம் எது என்னும் வினாவுக்கு அகமரபு ஒரு விடை வைத்திருக்கிறது.

4. அறத்தொடு நிற்றல்: ஒரு தெரிவு குடும்பத்திற்குள் பேசப்படும் முறை

களவொழுக்கத்தில் தலைவி மேற்கொண்ட தெரிவைக் குடும்பத்தாருக்கு முறைப்படி வெளிப்படுத்துவது அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் என அது படிப்படியாக நகர்கிறது. தந்தையும் தமையனும் குறிப்பால் உணர்வர் என்பது தொல்காப்பியக் களவியல் தரும் செய்தி. தோழி அறத்தொடு நிற்கும் முறையைப் பொருளியல் ஏழாக வகுக்கிறது. தலைவனை எளியவனாகக் காட்டுவது முதல் நடந்த உண்மையை நேரே உரைப்பது வரை அவ்வகைகள் விரிகின்றன. ஓர் உண்மையை ஒரு குடும்பம் தாங்கிக்கொள்ளும் வகையில் கூறுவதற்கு ஏழு வழிகளை இலக்கணமாகவே வகுத்துவைத்த மரபு இது.

அறத்தொடு நிற்றல் நிகழும் சூழல்களுள் வெறியாட்டு தனித்துக் குறிக்கத்தக்கது. தலைவி மெலிகிறாள், அவள் நிறம் மாறுகிறது. காரணம் அறியாத தாய், இது முருகனால் வந்த நோய் எனக் கருதி வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறாள். வேலன் கூறும் காரணம் தவறானது என்பதைத் தலைவியும் தோழியும் அறிவர். அந்நிலையில் தோழி குறுக்கிட்டு உண்மையை உணர்த்துவது வெறிவிலக்கு எனப்படும்.

இன்றைய குடும்ப மருத்துவத்தின் நோக்கில் இத்துறை வியக்கத்தக்க தெளிவுடையது. ஒருவரின் உடலில் தோன்றும் குறி, குடும்பத்தில் பேசப்படாத ஒன்றின் வெளிப்பாடு. குடும்பமோ அவரை நோயாளி என அடையாளப்படுத்திவிட்டுக் காரணத்தை வெளியே தேடுகிறது. தாயின் செயல் கொடுமையன்று. அது அன்பினால் விளைந்த பிழை. சங்கக் கவிஞர்கள் அத்தாயைப் பழிக்காமலே அவள் பிழையைக் காட்டுகின்றனர். லெயிங்கின் வாசகர்கள் தவறவிட்ட சமநிலை இது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளில் அறத்தொடு நிற்றலையே பொருளாகக் கொண்டது. அதில் தோழி செவிலியிடம் பேசுகிறாள். செவிலியின் வருத்தத்தையும் அவள் உணர்கிறாள், தலைவியின் துயரையும் உணர்கிறாள், இரண்டுக்கும் அஞ்சுகிறாள். தன் நிலையை, பகைமை மிக்க இரு பெருவேந்தரிடையே சந்து செய்ய நின்ற சான்றோரின் நிலையோடு அவள் ஒப்பிடுகிறாள். ஒரு பக்கம் சார்ந்தால் மறுபக்கம் இழக்கப்படும். இருபக்கமும் சாராதிருந்தால் எவருக்கும் பயனில்லை. பூபரின் சிந்தனையைக் குடும்ப மருத்துவத்துக்குக் கொண்டுவந்த பொஸொர்மேனி-நாஜ், ஜெரால்டின் ஸ்பார்க்குடன் இணைந்து 1973இல் வெளியிட்ட நூலில், தலைமுறைகளைப் பிணைக்கும் கண்ணுக்குப் புலப்படாத கடப்பாடுகளை ஆராய்ந்தார். குடும்பத்தார் ஒவ்வொருவரின் பக்கமும் முறை வைத்து நின்று, எவரையும் கைவிடாதிருப்பதே மருத்துவர் கடமை என்பது அவர் நெறி. தோழியின் நிலை இதனோடு பெரிதும் ஒத்துள்ளது.

எனினும் ஒப்புமைக்கு எல்லை உண்டு. அகமரபில் தலைவியின் தெரிவு கற்பாகிய மணவாழ்வை நோக்கிச் செல்லும்போதே ஏற்கப்படுகிறது. அதற்கு அப்பாற்பட்ட தெரிவுக்கு அம்மரபில் இடமில்லை. ஆகவே அகமரபை மருத்துவ நூலாகக் கொள்ளாமல், தெரிவும் குடும்பமும் சந்திக்கும் இடத்தில் ஒரு மூன்றாமவர் தேவை என்பதை உணர்ந்த மரபாகக் கொள்வதே பொருந்தும்.

5. கங்கா: ஒரே நிகழ்வு, இரு விளைவுகள்

அந்த மூன்றாமவர் இல்லாதபோது நேர்வது என்ன என்பதை ஜெயகாந்தன் (1934–2015) காட்டுகிறார். 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழை நாளில் அறிமுகமற்ற ஒருவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவி பாலுறவுக்கு உள்ளாகி வீடு திரும்பித் தாயிடம் நடந்ததைக் கூறுகிறாள். தாய் அதிர்ச்சியுறுகிறாள், பின்னர் மகள் தலையில் நீரூற்றி, அவள் தூயவள் எனக் கூறி, எவரிடமும் இதைச் சொல்ல வேண்டாம் என்கிறாள். 1970இல் நூலாக வெளிவந்து, 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' புதினத்தில் தாய் அலறிவிடுகிறாள், ஊரறிகிறது, அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். நிகழ்வு ஒன்றே. முதலில் வெளிவந்த சொல் மாறியது. ஒரு வாழ்வு முழுவதும் மாறியது.

சிறுகதையின் தாய் மகளை 'நீ' ஆக எதிர்கொள்கிறாள். நடந்தது மகளின் சாரம் ஆகிவிடாதவாறு தடுக்கிறாள். ஆயினும் அவள் தரும் மீட்பு மௌனத்தை விலையாகக் கொண்டது. அறத்தொடு நிற்றலின் தொடர் அங்குத் தாயோடு நின்றுவிடுகிறது. புதினத்தின் குடும்பம் கங்காவுக்கு 'கெட்டுப்போனவள்' என்னும் முத்திரைச்சொல்லை அளிக்கிறது. அவளைப் படிக்கவைத்து ஆளாக்கும் வெங்கு மாமா, சட்டமும் சாத்திரமும் அறிந்த மூத்தவர். அவள் இனி எவருக்கும் மனைவியாக இயலாது என்னும் தீர்ப்பை அவர் அந்த அறிவின் துணைகொண்டே வழங்குகிறார். அவளை ஆதரித்தவரின் பார்வையே அவளை ஒரு பொருளாகக் காண்பதையும் புதினம் மறைக்கவில்லை.

இதன்பின் கங்கா மேற்கொள்ளும் செயலே இருத்தலியல் நோக்கில் மிக நுட்பமானது. தன்னைக் கெடுத்தவன் எனப்பட்ட பிரபுவைத் தேடிக் கண்டு, அவனோடு தொடர்புடையவளாக ஊரறியத் தன்னைக் காட்டிக்கொள்கிறாள். பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ழெனேயைப் பற்றிச் சார்த்தர் 1952இல் எழுதிய பெருநூலை இங்கு ஒப்பிடலாம். சிறுவயதில் திருடன் எனப் பெயரிடப்பட்ட ழெனே, அப்பெயரை மறுக்காமல் தானே அதைத் தேர்ந்தெடுத்தார் என்பது சார்த்தரின் விளக்கம். பிறர் சுமத்திய சொல்லைத் தன் தெரிவாக்கிக்கொள்வதன்வழி அச்சொல்லின் மீது அதிகாரம் பெறும் முயற்சி இது. கங்காவும் அதையே செய்கிறாள்.

இது விடுதலையா, சிறையின் மறுவடிவமா என்பது வினா. முத்திரைச்சொல்லை அஞ்சாமல் ஏற்றதன் மூலம் 'நாலு பேர்' மீதான அச்சத்திலிருந்து அவள் விடுபடுகிறாள் என்பது உண்மை. ஆனால் அவள் வாழ்வை வரையறுக்கும் சொல் அப்போதும் குடும்பம் தந்த சொல்லாகவே இருக்கிறது. மறுப்பவரும் ஏற்பவரும் ஒரே சொல்லைச் சுற்றியே வருகின்றனர். கங்காவின் வாழ்வில் தாய் உண்டு, அண்ணன் உண்டு, மாமா உண்டு, தோழி இல்லை. அவள் கூற விரும்பியதைக் குடும்பத்தார் கேட்கத்தக்க வகையில் எடுத்துச் சென்றவர் எவரும் இல்லை. அவள் துயரின் மையம் நிகழ்ந்த நிகழ்வைவிட, அந்நிகழ்வு குடும்பத்திற்குள் ஒருபோதும் உரையாடலாக மாறாததில் உள்ளது என இக்கட்டுரை கருதுகிறது.

6. ஆற்றுப்படுத்துபவரின் இடம்

இந்தியச் சூழலில் மருத்துவர் எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்னும் வினாவுக்கு ஜே.எஸ். நேகி 1973இல் ஒரு விடை தந்தார். மேலைநாட்டு உளமருத்துவம் வலியுறுத்தும் தன்னிறைவுக்கு மாற்றாக, குரு–சீடர் உறவை மருத்துவ முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்பது அவர் முன்மொழிவு. மூத்தோர் சொல்லை மதிக்கும் சமூகத்தில் அதன் பயன் வெளிப்படை. ஆனால் குடும்பத்தை ஆற்றுப்படுத்தும்போது அதில் ஓர் இடர் உள்ளது. வழிகாட்டியின் மேலாண்மை எவ்வாறு தீர்ப்பாக இறுகும் என்பதற்கு வெங்கு மாமாவே இலக்கியச் சான்று. ஏற்கெனவே மூத்தோரின் சொல்லால் நிறைந்த வீட்டில் மற்றொரு மூத்தோரின் சொல் சேரும்போது, இளையோரின் குரல் மேலும் தணியும்.

தோழி நிற்கும் இடம் வேறு. அவள் குடும்பத்துக்குள் இருப்பவள். ஆயினும் குடும்பத்தின் அதிகாரம் அவளிடம் இல்லை. அவள் தலைவிக்காகத் தெரிவு செய்வதில்லை. தலைவியின் தெரிவைப் பேசத்தக்கதாக்குகிறாள். தேவையெனில் தலைவியையே கடிந்துரைக்கிறாள். தாயின் அன்பை ஐயுறாமல் தாயின் பிழையைத் திருத்துகிறாள். இருத்தலியல் நோக்குடைய குடும்ப ஆற்றுப்படுத்தல் நடைமுறையில் செய்வதும் இவற்றையே. முதலில் முத்திரைச்சொல் அடையாளம் காணப்படுகிறது. அடுத்து, அவன் சோம்பேறி என்னும் தொடர், எந்த நாளில், எந்தச் செயலில் உங்களுக்கு அவ்வாறு தோன்றியது என்னும் வினாவால் தளர்த்தப்படுகிறது. சாரமாக இறுகியது நிகழ்வாகக் கரைகிறது. பின்னர், குடும்பத்தார் ஒவ்வொருவரும் தமக்காகப் பேசத் தூண்டப்படுகின்றனர். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது, எனக்கு இதில் என்ன அச்சம் என்பதாக மாறும்போது, பொறுப்பு உரியவரிடம் திரும்புகிறது. பெற்றோருக்கும் தெரிவு உண்டு, அவர்களுக்கும் இறப்பும் தனிமையும் குறித்த அச்சம் உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிவது அதன் மறுபாதி.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2018ஆம் ஆண்டு மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எதிர்காலத்தில் தனக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஒருவருக்கு வழங்குகிறது. தன் சார்பில் செயற்படும் பிரதிநிதியையும் அவரே நியமிக்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. தெரிவு தனிமனிதருடையது என்னும் கொள்கை இவ்வாறு சட்டமாகியுள்ளது. ஆனால் மருந்து வாங்கித் தருவதும், இரவில் விழித்திருப்பதும், செலவை ஏற்பதும் பெரும்பாலும் குடும்பமே. உரிமை ஒருவரிடமும் சுமை மற்றவரிடமுமாகப் பிரிந்து நிற்கும் இந்நிலையில், ஒருவர் எழுதிவைத்த விருப்பத்தைக் குடும்பம் தனக்கு எதிரான செயலாகக் கருதாமல் கேட்பதற்கு வழி செய்ய வேண்டியுள்ளது. அறத்தொடு நிற்றலுக்கு இன்று வாய்த்திருக்கும் களம் இது.

இரு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. முதலாவது, மனநோய் ஒரு தெரிவன்று. மருந்தும் மருத்துவரும் தேவைப்படும் இடத்தில் தெரிவு, பொறுப்பு என்னும் சொற்கள் நோயாளியைக் குற்றஞ்சாட்டுவதற்குப் பயன்படலாகாது. தெரிவு என்பது நோயோடு எவ்வாறு வாழ்வது என்பதைப் பற்றியதேயன்றி, நோயுறுவதைப் பற்றியதன்று. இரண்டாவது, வன்முறை நிகழும் வீட்டில் எல்லாப் பக்கமும் நிற்றல் என்பது நடுநிலை ஆகாது. அங்கு முதல் அறம் துன்புறுபவரின் பாதுகாப்பே. வெறியாட்டில் தலைவிக்குத் தீங்கு நேரும்முன் தோழி குறுக்கிடுகிறாள் என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பின்வருவன பெறப்படுகின்றன.

• இருத்தலியல் கூறும் தெரிவும் பொறுப்பும் குடும்பத்தைத் துறந்தவருக்கு மட்டும் உரியன அல்ல. குடும்பத்தின் அன்றாடப் பேச்சிலேயே அவை செயற்படுகின்றன.

• குடும்பம் ஒருவர் மீது பொறிக்கும் முத்திரைச்சொல், நிகழ்வைச் சாரமாக்கி அவர் தெரிவை அடைக்கிறது. கங்காவைப் போல அச்சொல்லைத் துணிந்து ஏற்பதும் அதிலிருந்து முழு விடுதலை தருவதில்லை.

• குடும்பத்தைக் குற்றவாளியாகக் காணும் நோக்கும், குடும்பத்தின் பரிவை மட்டும் காணும் நோக்கும் தனித்தனியே குறையுடையன. வெறியாட்டுத் துறை இரண்டையும் சமன்செய்து காட்டுகிறது.

• ஆற்றுப்படுத்துபவருக்குக் குருவின் இடத்தைவிடத் தோழியின் இடமே குடும்பச் சூழலில் பொருத்தமானது.

தமிழாய்வு அறத்தொடு நிற்றலை இதுவரை பெரிதும் அகத்துறையாகவே விளக்கி வந்துள்ளது. பேச அஞ்சப்படும் ஓர் உண்மையை, உறவு முறியாமல், உண்மையும் திரியாமல் ஒரு குடும்பத்திற்குள் எடுத்துச் செல்லும் முறையியலாகவும் அதனை ஆராயலாம். பொருளியல் வகுத்த ஏழு முறைகளையும் இன்றைய குடும்ப ஆற்றுப்படுத்தலின் உரையாடல் முறைகளோடு ஒன்றொன்றாக ஒப்பிடும் ஆய்வு, தமிழ்த்துறைக்கும் மனநலத் துறைக்கும் ஒருங்கே பயன் தரும்.